பேருக்கு ஒரு செக்

பாலக்கரை, திருச்சி
5 ஜனவரி 1997

ரெமிக்கு அக்கா டோரதி எழுதுவது.

சேசுவின் கிருபையால் நானும் எரிக்கும் ரயிலில் நசுங்காமல் வந்து சேர்ந்தோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் கொடுத்துவிட்டு வந்த தைலத்தைத் தடவியிருக்க மாட்டாய், தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு வந்த இடத்தில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. உன் பேக்கரிக் கல்லாவுக்கு மேலே "இங்கு செக் வாங்கப்படாது" என்று ஒரு அட்டை தொங்குகிறதே, அதை எழுதிய மகான் யார்? அப்பா என்றால் அவர் பெட்டியிலேயே அதையும் வைத்துப் புதைத்திருக்கலாம். வைட்ஃபீல்டில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி என்று லாவண்யா என்ற பெண் வந்தாளே, ஆபீஸ் முழுவதற்கும் பிளம் கேக் வேண்டும் என்று. கைப்பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்தாள். அவள் ஏதோ செத்த எலியை எடுத்த மாதிரி நீ முகத்தைச் சுளித்தாய். "செக்கெல்லாம் ஆகாதும்மா, காசு இருந்தா குடு" என்றாய். அவள் எதிர்க்கடைக்குப் போனாள். நீ பெருமையாக ஈ ஓட்டினாய்.

இப்போது சம்பளம் பாங்கில் விழுகிறது. கத்தையாக ரூபாயைச் சுமந்துகொண்டு கேக் வாங்க எந்தப் பைத்தியம் வரும்? செக் என்றால் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்க வேண்டாம், கள்ள நோட்டா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டாம், கல்லாப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்க வேண்டாம். கையிலிருக்கும் காசுக்கு அரைக் கிலோ வாங்குகிறவன் செக் என்றால் இரண்டு கிலோ வாங்குவான். எல்லாவற்றுக்கும் மேலே, செக் கொடுக்கிறவர் யார், வீடு எங்கே, போன் நம்பர் என்ன என்று நமக்குத் தெரிந்துவிடும். காசை வீசிவிட்டுப் போகிறவன் யாரோ எவனோ.

என் பிள்ளை எரிக் அடுத்த வருடம் டிப்ளமா முடித்துவிட்டு அங்கே வந்து உட்காரும்போது அது கடையாக இருக்க வேண்டும். நீ ஒண்டிக்கட்டை, நாற்பத்து நான்கு வயதில் உனக்கு இனி என்ன வந்துவிடப் போகிறது. அவனுக்கு வாழ்க்கை இருக்கிறது.

மணியார்டர் வந்தது.

அக்கா டோரதி


காக்ஸ் டவுன், பெங்களூர்
2 பிப்ரவரி 1997

அன்புள்ள அக்காவுக்கு ரெமியின் வணக்கம்.

தைலத்தைத் தடவினேன், முழங்கால் அதை மதிக்கவில்லை. நீங்கள் சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

அந்த லாவண்யாவை நீங்கள் ஒரு நாள் பார்த்தீர்கள். நான் அந்தக் கும்பலைத் தினமும் பார்க்கிறேன். கம்பெனி அட்டையைத் தாலி மாதிரி கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். ஒரே ஒரு பஃப்ஸ் தின்றுவிட்டு நூறு ரூபாய் நோட்டை நீட்டுவார்கள். தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் அடைத்த தில்பசந்தைக் காட்டி இது இனிப்பா காரமா என்று இங்கிலீஷில் கேட்பார்கள். இவர்கள் ஒரு தாளில் கிறுக்கித் தருவதற்கு நான் அடுப்பில் வெந்து எடுத்த கேக்கைத் தூக்கிக் கொடுக்க வேண்டுமா? பணம் என்றால் கையில் இருக்க வேண்டும். செக் என்பது பணம் வரும் என்கிற பேச்சு. பேச்சுக்கு நான் பன்கூட விற்க மாட்டேன்.

போன வாரம் டை கட்டிய ஒருவர் அரைக் கிலோ தேங்காய் பிஸ்கட்டுக்குச் செக் எழுதப் பேனாவைத் திறந்தார். அந்தப் பேனா விலைக்கு ஒரு மூட்டை மைதா வாங்கலாம். "சார், செக்க நீங்களே வச்சுக்கோங்க. பேனாவ குடுத்துட்டு பிஸ்கட் எடுத்துட்டுப் போங்க" என்றேன். இனி வர மாட்டார். நல்லது.

எரிக் ஃபீஸும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி ரெமி


திருச்சி
12 பிப்ரவரி 1997

ரெமிக்கு,

நான் சாகவில்லை, மாத்திரை போடுகிறேன்.

வாங்க வந்தவனை விரட்டிவிட்டு அதைப் பெருமையாக எனக்கே எழுதியிருக்கிறாய். உன்னைப் போல இன்னும் இரண்டு பேர் இருந்தால் காக்ஸ் டவுனில் எதிர்க்கடைக்காரன் மாடி வீடு கட்டிவிடுவான். நான் நர்சரிப் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு மத்தியானம் ஃபீஸும் வாங்குகிறவள். பாதிப் பேர் செக்தான் தருகிறார்கள். பள்ளிக்கூடம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

சொல்வதைக் கேள். செக்கின் மூலையில் இரண்டு கோடு போட்டு வாங்கு. தேதியைப் பார். எண்ணில் எழுதியதும் எழுத்தில் எழுதியதும் ஒன்றா என்று பார், உனக்கு வாசிக்கத் தெரியும் என்று நம்புகிறேன். பின்பக்கத்தில் பெயர், விலாசம், போன் நம்பர் எழுதி வாங்கு. மைதா மில்லுக்குக் கட்டுவதற்காக அப்பா கடைப் பேரில் ஆரம்பித்த பாங்குக் கணக்கு இருக்கிறதே, அதில் போடு. பிரம்ம வித்தை எதுவும் இல்லை.

ஈஸ்டருக்குள் அந்த அட்டையை எடுக்காவிட்டால் நானே வந்து எடுப்பேன். வந்தால் ஒரு மாதம் இருப்பேன். யோசித்துக்கொள்.

டோரதி


பெங்களூர்
23 மார்ச் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகந்தானே? அட்டையை எடுத்துவிட்டேன். நீங்கள் ஒரு மாதம் வந்து தங்குவதைவிட அது மேல் என்று தோன்றியது.

நீங்கள் சொன்னது போலத்தான் நடக்கிறது, அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. வைட்ஃபீல்டிலிருந்து பரத் என்று ஒரு பையன் வாரா வாரம் பிறந்தநாள் கேக் வாங்கிப் போகிறான். அந்த ஆபீஸில் எப்போதும் யாருக்காவது பிறந்தநாள், வேலை எப்போது செய்கிறார்களோ. வேறொருவர் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பி வந்தது. பின்பக்க நம்பருக்குப் போன் போட்டேன். அந்த மனிதர் ஆட்டோ பிடித்து வந்து காசைக் கட்டி, வெட்கத்துக்கு ஒரு கிலோ கேக் வேறு வாங்கினார். இந்த மாதிரிப் பெரிய மனிதர்கள் இருக்கும் வரை எனக்குக் கவலை இல்லை.

ஒரு சின்னச் சிக்கல். பக்கத்துத் தெருவில் ஐரின் என்று ஒரு அம்மாள், வேலைக்குப் போகும் பெண்களைத் தன் வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போடுகிறவர். மாதம் முழுவதும் பிரெட் வாங்கிவிட்டு மொத்தமாகச் செக் கொடுத்தார். "சில்வெஸ்டர் அண்ட் சன்" என்று கடைப் பேருக்கு எழுதாமல் என் பேருக்கு எழுதிவிட்டார். இங்கே எல்லோருக்கும் இது ரெமி கடைதானே, அதில் வந்த தப்பு. பாங்கில் ஜகதாம்பாள் என்று ஒரு அம்மாள் இருக்கிறார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "இது கடைக் கணக்குல போகாது. யாருப்பா இந்த ரெமிஜியஸு?" என்றார். நான்தான் என்றேன். "அப்ப உன் பேர்ல கணக்கு எங்க?" என்றார்.

வேறு விசேஷம் இல்லை.

ரெமி


திருச்சி
7 ஏப்ரல் 1997

ரெமிக்கு,

ஈஸ்டர் வாழ்த்து. எனக்குக் கால் எரிச்சல், மற்றபடி சுகம்.

கடைசியில் உன் மண்டையில் ஏறிவிட்டது. நான் சொன்னபோது ஏறாதது ஊரான் ஆட்டோவில் வந்து காசு கட்டியபோது ஏறியிருக்கிறது, பரவாயில்லை. எரிக்கிடம் சொன்னேன், சிரித்தான். மாமா திருந்திவிட்டாரா என்றான்.

அந்தப் பிரெட் அம்மாளின் செக்கை என்ன செய்தாய்? பேர் தப்பாக எழுதினால் கிழித்துப் போட்டு வேறு எழுதி வாங்க வேண்டும், ஒரு நிமிட வேலை. அதை எழுதாமல் வேறு விசேஷம் இல்லை என்று முடித்திருக்கிறாய்.

டோரதி


பெங்களூர்
18 மே 1997

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்க வேண்டாம். கால் எரிச்சலுக்கு டாக்டரிடம் காட்டினீர்களா? வெந்தயம் ஊறவைத்துக் குடித்தால் நல்லது என்று ஐரின் அம்மாள் சொல்கிறார்.

இங்கே பெங்களூரா திருச்சியா என்று கேட்கும்படி வெயில். அடுப்புப் புகைபோக்கி அடைத்துக்கொண்டது. கொத்தனார் எத்திராஜ் இன்று நாளை என்று இழுத்தடித்தார், ஐரின் அம்மாள் போய் இரண்டு வார்த்தை பேசியதும் மறுநாளே வந்து சரிசெய்தார். தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது.

செக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாற்றி எழுதச் சொல்லிக் கேட்டேன். "சில்வெஸ்டர நான் பார்த்ததே இல்ல. காலையில பிரெட் குடுத்தது நீங்க. உங்க பேருக்குத்தான் எழுதுவேன்" என்றார். யோசித்துப் பார்த்தேன். கடைப் பலகையில் "சன்" என்றுதான் இருக்கிறது. அந்தச் சன்னுக்கு ஒரு பெயர் உண்டா என்று இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை. ஆகவே என் பேரில் ஒரு கணக்கு ஆரம்பித்தேன். புதிதாகக் கணக்கு ஆரம்பிக்கிறவரை எனக்குத் தெரியும் என்று ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஐரின் வந்து போட்டார்.

மற்றபடி மைதா விலை ஏறிவிட்டது.

ரெமி


திருச்சி
26 மே 1997

ரெமிக்கு,

சுகம் கேட்டு எழுத எனக்கு மனமில்லை.

வெந்தயத்தில் ஐரின் அம்மாள். புகைபோக்கியில் ஐரின் அம்மாள். பாங்கில் போய் அம்மாளும் விழுந்து வெறும் ஐரின். மைதா விலையில் மட்டும் எப்படி விட்டுவைத்தாய்?

நீ பிறந்ததிலிருந்து உன்னைத் தெரிந்தவள் நான். பிரெட் வாங்க வந்தவள் உன்னைத் தெரியும் என்று கையெழுத்துப் போடுகிறாள், நீயும் பல்லை இளித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறாய். விசாரித்தேன். காக்ஸ் டவுனில் எனக்கும் ஆள் உண்டு, பெர்னதெத் இன்னும் கோயில் பாடகர் குழுவில்தான் இருக்கிறாள். விதவை. புருஷன் மிலிட்டரியில் கிளார்க்காக இருந்து செத்திருக்கிறான். பிள்ளை இல்லை. வேலைக்காரி இல்லாமல் எட்டுப் பெண்களுக்குச் சோறாக்கிப் போடுகிறாள். அப்படிப்பட்டவள் கண்ணுக்கு உன் கடை எப்படித் தெரியும் என்று உனக்கு நான் விளக்க வேண்டுமா?

இனி அந்த அம்மாளிடம் ரொக்கம் மட்டும் வாங்கு. செக் வேண்டாம். மற்றவர்களிடம் வாங்கிக்கொள். எரிக்குக்கு அடுத்த ஏப்ரலில் படிப்பு முடிகிறது என்பதை மறக்காதே.

டோரதி


பெங்களூர்
6 ஜூலை 1997

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆனது.

செக் கொடுக்கிறவர் யார், வீடு எங்கே, போன் நம்பர் என்ன என்று தெரிந்துவிடும் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். தெரிந்துவிட்டது அக்கா. ஐரினை எனக்குப் பிடித்திருக்கிறது. கலியாணம் செய்துகொள்ளப் போகிறோம். ஆகஸ்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் எங்கள் பேரை ஓலை வாசிப்பார்கள். தடை சொல்ல நினைக்கிறவர்கள் கோயில் சாமியாரிடம் சொல்லலாம். நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

எரிக் வரட்டும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவு பிசைய வருவதானால் அவனுக்கு எப்போதும் இடம் உண்டு. கல்லாவில் வந்து உட்காரத்தான் வருகிறான் என்றால், அங்கே நான் இருக்கிறேன்.

கோபமாக ஒரு வரியாவது எழுதுங்கள். எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

ரெமி


திருச்சி
14 ஜூலை 1997

திருமதி ஐரின் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. எனக்கு உங்களைத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் என் தம்பியைத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களாம். தெரியாததைச் சொல்கிறேன்.

அவனுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. குறட்டை விட்டால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். காரணமில்லாமல் கோபம் வரும், காரணம் இருந்தால் வராது. சொத்து என்று எதுவும் இல்லை. இருக்கும் கடையும் எங்கள் அப்பா வைத்தது, அடுத்து என் மகனுக்குப் போக வேண்டியது. பிரெட் பாக்கியைக் கொடுக்க வந்தவர்கள் பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் மரியாதை.

இப்படிக்கு,
டோரதி அருளப்பன்


பெங்களூர்
27 ஜூலை 1997

மதிப்புக்குரிய டோரதி அம்மாவுக்கு ஐரின் எழுதுவது.

நீங்கள் என் சுகத்தைக் கேட்கவில்லை. நானும் கேட்காவிட்டால் இரண்டு பேரும் ஒரே ஜாதியாகிவிடுவோம். அதனால் கேட்கிறேன், கால் எரிச்சல் குறைந்ததா?

அவருடைய குறைகளை எழுதியிருந்தீர்கள். டீயைச் சாஸரில் ஊற்றி உறிஞ்சுவதையும், தோற்றுப்போகிற விவாதத்தில் திடீரென்று காது கேட்காதது போல நடிப்பதையும் விட்டுவிட்டீர்கள். கடைக்காக நான் வருவதாக நினைக்கிறீர்கள். அந்த அடுப்புப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்ற யாரும் அதற்காகக் கலியாணம் செய்துகொள்ள மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் மட்டும் இல்லை. அதற்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கணவர் இறந்ததிலிருந்து ஒரு மாதமும் தவறாமல் உங்களுக்குப் பணம் வருகிறது. அது நின்றுவிடும் என்று பயப்படுகிறீர்கள். நிற்காது. நானும் புருஷன் போன பிறகு அடுப்பு எரிய என்ன செய்யலாம் என்று யோசித்தவள்தான். இதை நீங்கள் என்னிடம் நேராகக் கேட்டிருக்கலாம், நாயை இழுத்திருக்க வேண்டாம்.

ஐரின்


பெங்களூர்
14 செப்டம்பர் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் நலம்.

போன சனிக்கிழமை கலியாணம் முடிந்தது. கோயிலில் முன்வரிசையில் உங்களுக்கும் எரிக்குக்கும் இடம் விட்டிருந்தோம். கடைசி வரைக்கும் யாரையும் உட்காரவிடவில்லை. கேக்கை நானே செய்தேன். மூன்று ஓலைக்கும் நீங்கள் தடை சொல்லவில்லை, அதற்கு நன்றி.

இந்த மாதப் பணத்துக்குச் செக் வைத்திருக்கிறேன். என் பேரில் ஆரம்பித்த கணக்கில் ஐரின் பேரையும் சேர்த்திருக்கிறோம், யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம். அடுப்பிலிருந்து தட்டை இழுக்கும்போது என் வலது கை வெந்துவிட்டதால் அவள் போட்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். உங்களுக்கு வேண்டாம் என்றால் கிழித்துவிட்டு ஒரு கார்டு போடுங்கள், பழையபடி மணியார்டர் அனுப்புகிறேன்.

ரெமி


திருச்சி
26 அக்டோபர் 1997

ரெமிக்கு,

அவளும் படிப்பாள் என்று தெரிந்தே எழுதுகிறேன். கால் எரிச்சல் குறைந்திருக்கிறது. வெந்தயத்தால் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். உன் கை ஆறியதா?

அந்தச் செக் ஒரு மாதத்துக்கு மேல் என் பீரோவில் கிடந்தது, இந்த மாதச் செக்கும் அதன் மேல் வந்து சேர்ந்தது. கிழிக்கத்தான் எடுத்தேன், ஒன்றுக்கு இரண்டு தடவை. அவள் ஜூலையில் எழுதிய கடிதத்துக்கும் பதில் போடவில்லை. என் பயத்தை என் வீட்டுக்குள் வந்து பார்த்தது மாதிரி எழுதியவளுக்கு என்ன பதில் எழுதுவது? ஆத்திரமாக வந்தது. இப்போதும் வருகிறது. எரிக், "கடைய எனக்குன்னு சொன்னியே, என்னக் கேட்டியாம்மா? எனக்கு மாவு பிசையவெல்லாம் வராது" என்கிறான். சென்னையில் வேலை தேடப் போகிறானாம். இருபது வருடமாக நான் யாருக்காகச் சண்டை போட்டேன் என்று தெரியவில்லை.

அரிசி தீர்ந்த அன்று இரண்டையும் எடுத்துக்கொண்டு பாங்குக்குப் போனேன். கவுண்டரில் பிரபா, என்னிடம் படித்தவள், மூக்கில் சளி வடிய அ ஆ எழுதினவள். செக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியூர்ச் செக், வசூலாகி வர மூன்று வாரம் ஆகுமாம், கமிஷன் வேறு பிடிப்பார்களாம். மணியார்டர் கூலியை மிச்சம் பிடிக்கும் யோசனையை யார் உங்களுக்குச் சொன்னது? பிறகு கையெழுத்தைப் பார்த்தாள். கோழி கிளறினது மாதிரி இருக்கிறது அவள் கையெழுத்து, அதையும் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டாள். பின்னால் வரிசையில் எங்கள் கோயில் பங்குச் சனம் பாதி நின்றது. "ஐரின் ரெமிஜியஸ், யாரு டீச்சர் இது?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்.

யாரோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"என் தம்பி பெண்டாட்டி" என்றேன்.

உடனே எப்போது கலியாணம், ஏன் சொல்லவில்லை, கேக் எங்கே என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். சனியன்கள், பதில் சொல்லி மாளவில்லை. ஒரு பெரிய கேக்காக அனுப்பிவை.

அடுத்த மாதம் உன் கை ஆறியிருந்தாலும் அவளே கையெழுத்துப் போடட்டும். ஆள் மாறினால் பிரபா மறுபடி கேள்வி கேட்பாள்.

டோரதி